அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் பதில்: ஆஸ்டின் டெக்சஸ் பல்கலையின் முதல் எர்லி ஆக்‌ஷன் சுற்று

2024 அக்டோபர் 15க்குள் விண்ணப்பித்தால் 2025 ஜனவரி 15க்குள் முடிவைச் சொல்லிவிடுவோம் என்று ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. ‘எர்லி ஆக்‌ஷன்’ என்ற முன்கூட்டிய சுற்றை அந்தப் பல்கலை நடத்தியது அதுதான் முதல் முறை. சொன்ன நாளும் வந்தது. சிலருக்கு இடம் கிடைத்தது. வேறு பலருக்கு வந்த பதில் சேர்த்துக்கொண்டோம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. அவர்களுடைய முடிவை பிப்ரவரி 15க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த பிப்ரவரி 15, டிசம்பர் 1 வரை அவகாசம் எடுத்துக்கொண்டு சாவகாசமாக விண்ணப்பித்த ‘ரெகுலர்’ சுற்றுக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட தேதி. செப்டம்பர் முழுக்கத் தூக்கம் கெட்டுக் கட்டுரை எழுதி ஒன்றரை மாதம் முன்னாலேயே அனுப்பியவரும், டிசம்பர் 1இல் அனுப்பியவரும் ஒரே நாளில்தான் பதிலைப் பார்த்தார்கள்.

பல்கலை சொன்ன காரணம் எளிமையானது. விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. அந்த ஆண்டு மொத்தம் 90 ஆயிரத்துக்கும் மேல் வந்திருந்தன. முந்தைய ஆண்டைவிட இது சுமார் 24 சதவீதம் அதிகம். வெளிமாநில விண்ணப்பங்களை மட்டும் எடுத்தால் ஏற்றம் 48 சதவீதம். இத்தனையையும் ஆள் வைத்துப் படித்து முடிக்க நேரம் போதவில்லை என்பதில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அது பாதிக் காரணம்தான் என்பது என் கருத்து. மிச்சம் பாதி டெக்சஸ் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் படித்தால், பெரிய அரசுப் பல்கலைகளில் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு முன்கூட்டிய சுற்று ஏன் இப்படி வேலை செய்கிறது என்பது ஆஸ்டினைத் தாண்டியும் புரியும்.

அந்த ஆண்டு என்ன மாறியது

முதலில் பழைய ஏற்பாடு. எர்லி ஆக்‌ஷன் வருவதற்கு முன் அங்கே கடைசி நாள் டிசம்பர் 1. நவம்பர் 1க்குள் அனுப்பினால் ‘முன்னுரிமை’ என்று ஒரு கணக்கு உண்டு, அவர்களுக்கு பிப்ரவரி தொடக்கத்தில் பதில் வரும். மற்றவர்களுக்கு மார்ச் 1. ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள்: 2025இல் எல்லாரும் திட்டித் தீர்த்த அந்த பிப்ரவரி 15, பழைய ஏற்பாட்டின் கடைசித் தேதியைவிட இரண்டு வாரம் முந்தியது. ஜனவரி 15 என்று ஒரு தேதியைச் சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்கும் வருத்தம் வந்திருக்காது.

2024 மார்ச்சில் பல்கலை ஒரே மூச்சில் இரண்டு விஷயங்களை அறிவித்தது. ஒன்று எர்லி ஆக்‌ஷன். இன்னொன்று, கோவிட் காலத்தில் விருப்பமாக விட்டிருந்த சாட், ஏசிடி என்ற நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் மறுபடி கட்டாயம். அப்போதைய தலைவர் ஜே ஹார்ட்ஸெல் காலத்து முடிவு இது. அதற்குப் பல்கலை வெளியிட்ட எண்கள் சுவாரசியமானவை. 2024 சேர்க்கைக்கு வந்த சுமார் 73 ஆயிரம் விண்ணப்பங்களில் 42 சதவீதத்தினர் மட்டுமே தங்கள் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கச் சொன்னார்கள். அவர்களின் இடைநிலை சாட் மதிப்பெண் 1420. எடுக்க வேண்டாம் என்றவர்களுடையது 1160. 2023இல் சேர்ந்த 9,217 முதலாண்டு மாணவர்களைப் பார்த்தபோது, மதிப்பெண் காட்டியவர்களின் முதல் பருவ ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், மற்றவர்களைவிட 0.86 புள்ளி அதிகமாக இருந்தது என்றும் சொன்னார்கள்.

தேர்வு கட்டாயம் என்றால் விண்ணப்பங்கள் குறையும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. இங்கே நேர்மாறாக நடந்தது. ஏன்? எர்லி ஆக்‌ஷனில் கட்டுப்பாடு இல்லை. இடம் கிடைத்தாலும் மே 1 வரை யோசிக்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். விண்ணப்பக் கட்டணம் 75 டாலர். ஏற்கெனவே பத்துப் பல்கலைகளுக்கு காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக விண்ணப்பிக்கும் பிள்ளைக்குப் பதினோராவதாக ஒன்றைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. அக்டோபர் 15க்கு அனுப்பினால் ஜனவரி நடுவில் பதில் என்பது, மிச்சிகன், வட கரோலினா போன்ற இடங்கள் ஜனவரி கடைசியில் பதில் சொல்லும்போது, கவர்ச்சியான தேதி. நல்ல சாட் மதிப்பெண் வைத்திருக்கும் நியூ ஜெர்சிப் பிள்ளைக்கோ கலிஃபோர்னியாப் பிள்ளைக்கோ, மதிப்பெண்ணைக் கேட்கும் பல்கலையில் தனக்குக் கூடுதல் வாய்ப்பு என்று தோன்றியதிலும் வியப்பில்லை. கலிஃபோர்னியா அரசுப் பல்கலைகள் மதிப்பெண்ணைக் கொடுத்தாலும் பார்ப்பதில்லை. இதோடு, 2024 ஜூலையில் டெக்சஸ் எஸ்இசி விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அமெரிக்கக் கால்பந்து அட்மிஷனை எவ்வளவு தள்ளும் என்று நம் ஊர்ப் பெற்றோர் நம்ப மாட்டார்கள். பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

இருப்பதே பத்தில் ஒரு பங்கு

சட்டத்துக்கு வருவோம். 1996இல் ஹாப்வுட் வழக்கில் ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சஸில் இன அடிப்படையிலான சேர்க்கைக்குத் தடை போட்டது. அதற்கு மாற்றாக 1997இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது. டெக்சஸின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் வகுப்பில் முதல் 10 சதவீத இடத்துக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைகளில் தானாகவே சேர்க்கை. எல்லைப்புறத்துச் சிறிய ஊர்ப் பள்ளியானாலும் சரி, டாலஸின் பணக்காரப் புறநகர்ப் பள்ளியானாலும் சரி, ஒரே விதி. நோக்கம் நல்ல நோக்கம்தான், பலனும் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், தானாக இடம் கிடைப்பவர்கள் எல்லாருக்கும் ஆஸ்டின்தான் வேண்டும். சில ஆண்டுகளில் முதலாண்டு வகுப்பே அவர்களால் நிரம்பிவிடும் என்ற நிலை வந்தது. 2009இல் சட்டமன்றம் ஆஸ்டினுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தது: மாநில மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதம் வரை தானியங்கிச் சேர்க்கை கொடுத்தால் போதும். அதற்கேற்றபடி பள்ளி ரேங்க் வரம்பைப் பல்கலை முன்கூட்டியே நிர்ணயித்து அறிவிக்க வேண்டும். பல ஆண்டுகளாக அந்த வரம்பு முதல் 6 சதவீதம். 2026 சேர்க்கைக்கு முதல் 5 சதவீதமாகச் சுருங்கும் என்று 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். இந்த விலக்கோடு ஒரு நிபந்தனையும் வந்தது. மொத்த இடங்களில் 90 சதவீதம் டெக்சஸ்வாசிகளுக்கு. மிச்சம் 10 சதவீதத்தில்தான் மற்ற 49 மாநிலங்களும், உலகத்தின் மற்ற எல்லா நாடுகளும்.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலாண்டு வகுப்பு 9,200 பேர் என்று வைத்துக்கொண்டால், டெக்சஸ்காரர்களுக்கு 8,280. அதில் முக்கால் பங்கு, அதாவது 6,210 இடம், ரேங்க் அடிப்படையில் தானாகப் போய்விடும். முழு விண்ணப்பத்தையும் படித்துத் தேர்ந்தெடுக்கும் டெக்சஸ் மாணவர்களுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். வெளியார் அனைவருக்கும் சேர்த்து 920. அனுமதிக் கடிதம் இதைவிட அதிகம் பேருக்குப் போகும், ஏனென்றால் வெளிமாநிலத்தவரில் பலர் இடம் கிடைத்தாலும் வர மாட்டார்கள். ஆனாலும் வகுப்பறையில் வந்து உட்காரும் தலைகள் அவ்வளவுதான். அதிலும் கணினி அறிவியலுக்கும் காக்ரெல் பொறியியலுக்கும் மெக்கூம்ஸ் வணிகப் பள்ளிக்கும் போட்டி போடுபவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதே இல்லை. அங்கே பிரிவைக் குறிப்பிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக்குள் நுழைய ஒரு போட்டி, பிரிவுக்குள் நுழைய இன்னொன்று.

ஜனவரியில் ஏன் கணக்கு முடியாது

இனி, பல்கலையின் சேர்க்கை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். இது என் ஊகம்தான், ஆனால் சட்டத்தின் அமைப்பிலிருந்தே வருகிற ஊகம்.

முதல் 6 சதவீதத்துக்குள் இருக்கும் டெக்சஸ் மாணவர் டிசம்பர் 1 இரவு விண்ணப்பித்தாலும் அவருக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும். சட்டம். அவர் அக்டோபரில் வந்தாரா டிசம்பரில் வந்தாரா என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே அக்டோபர் 15 அன்று கையில் எத்தனை விண்ணப்பம் இருந்தாலும், தானியங்கிச் சேர்க்கையில் மொத்தம் எத்தனை பேர் என்ற எண் டிசம்பர் 1 தாண்டித்தான் கைக்கு வரும். அதற்கு மேல் பள்ளிகள் அனுப்பும் ரேங்க் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பெரிய எண் தெரியாமல் மிச்ச இடம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. வரம்பு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டதால், விண்ணப்பம் எதிர்பாராமல் ஏறிய ஆண்டில் அந்த வரம்புக்குள்ளேயே கூடுதல் பேர் வந்து நிற்பார்கள். 10 சதவீதம் என்பது வெளியாருக்கு உச்சவரம்புதான், உத்தரவாதம் இல்லை. உள்ளூர்க்காரர்கள் கூடினால் சுருங்குவது அதுதான்.

இந்த நிலையில் ஜனவரி 15 அன்று வெளிமாநில மாணவருக்கு மூன்று விதமான பதில் சொல்லலாம். எப்படிப் பார்த்தாலும் எடுக்க வேண்டிய பிள்ளைக்கு ‘வா’. எப்படிப் பார்த்தாலும் இடமில்லாத பிள்ளைக்கு ‘இல்லை’. நடுவில் இருக்கிற பெருங்கூட்டத்துக்கு ‘பொறு’. விண்ணப்பம் 24 சதவீதம் கூடினால் முதலில் வீங்குவது அந்த நடுக்கூட்டம்தான். டிஃபர், அதாவது முடிவைத் தள்ளி வைக்கிறோம் என்று சொல்வது பல்கலைக்கு எந்தச் செலவும் இல்லாத பதில் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கடிதம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. மறுத்துவிட்டால் பிறகு தேவைப்படும்போது ஆள் கிடைக்காது. தள்ளி வைத்தால் இரண்டு கதவும் திறந்தே இருக்கும்.

இதில் பல்கலையின் தவறு எது என்றால், ஜனவரி 15 என்ற தேதியை எல்லாருக்கும் ஒரே மாதிரி அறிவித்ததுதான். டிசம்பர் 1 வரை கதவைத் திறந்து வைத்து, அதற்குள் வரும் ரேங்க்காரர்களைச் சட்டப்படி எடுத்தாக வேண்டிய ஓர் அலுவலகம், வெளிமாநிலத்தவருக்கு அந்த உறுதியைக் கொடுத்திருக்கவே கூடாது. விண்ணப்பம் குவியும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். 24 சதவீத ஏற்றத்தை யாராலும் கணித்திருக்க முடியாது. ஆனால் தங்கள் மாநிலச் சட்டம் அவர்களுக்குத் தெரியுமே.

மற்ற மாநிலங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன

ஜார்ஜியா டெக் இதை நேராகவே சொல்லிவிடுகிறது. அங்கே எர்லி ஆக்‌ஷனே இரண்டு. ஒன்றாவது சுற்று ஜார்ஜியா மாணவர்களுக்கு மட்டும்: அக்டோபர் நடுவில் கடைசி நாள், டிசம்பர் நடுவில் முடிவு. இரண்டாவது சுற்று மற்றவர்களுக்கு, முடிவு ஜனவரி இறுதிவாக்கில். உள்ளூர்க்காரர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு, எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துவிட்டு வெளியாரைக் கூப்பிடுகிறார்கள். கேட்கக் கொஞ்சம் கசப்பாக இருக்கலாம், ஆனால் பந்தியில் நமக்கு எந்த வரிசை என்று வாசலிலேயே சொல்லிவிடுவது மரியாதையான காரியம். ஆஸ்டினும் இதைச் செய்திருந்தால் இவ்வளவு புலம்பல் இருந்திருக்காது.

வட கரோலினா பல்கலை, சேப்பல் ஹில், இன்னொரு ரகம். 1986 முதல் அங்கே முதலாண்டு வகுப்பில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து இரண்டு ஆண்டு தாண்டினால் மாநில நிதியில் வெட்டு விழும். எர்லி ஆக்‌ஷன் கடைசி நாள் எல்லாருக்கும் அக்டோபர் 15, முடிவு ஜனவரி 31க்குள். இந்தச் சுற்று ஒன்றுதான், ஆனால் குவியல் இரண்டு. இனவாரிச் சேர்க்கை தொடர்பாக அந்தப் பல்கலை மீது நடந்த வழக்கில், வழக்குத் தொடுத்த தரப்பின் பொருளியல் நிபுணர் பீட்டர் ஆர்சிடியாகோனோ தன் ஆய்வையே உள்மாநிலம், வெளிமாநிலம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் செய்தார். இரண்டையும் கலந்தால் கணக்கு அர்த்தமில்லாமல் போகும் அளவுக்கு இரண்டும் வேறு வேறு போட்டிகள். அந்த வழக்குதான் ஹார்வர்ட் வழக்கோடு சேர்ந்து 2023 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது.

மிச்சிகனில் இப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. மாநில அரசியலமைப்பே அந்தப் பல்கலைக்குத் தனி அதிகாரம் கொடுத்திருப்பதால், லான்சிங்கில் உள்ள சட்டமன்றம் இத்தனை சதவீதம் என்று உத்தரவு போட முடியாது. ஆன் ஆர்பர் வளாகத்து இளநிலை மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வெளியிலிருந்து வருபவர்கள். அவர்களிடம் வசூலிக்கும் ஆண்டுக் கல்விக் கட்டணம் 60 ஆயிரம் டாலரைத் தாண்டியாகிவிட்டது, உள்ளூர்க்காரர்களுக்கோ சுமார் 20 ஆயிரம். அப்படியென்றால் வெளியாருக்குச் சீக்கிரம் பதில் கிடைக்க வேண்டுமே? கிடைப்பதில்லை. நவம்பர் 1க்குள் விண்ணப்பித்து ஜனவரி இறுதியில் பார்த்தால் ‘போஸ்ட்போன்’ என்று வரும். அங்கே டிஃபருக்கு அதுதான் பெயர். உச்சவரம்புச் சட்டம் இல்லாத இடத்திலும் தள்ளி வைப்பது ஏன் என்றால், அங்கே பிரச்சினை வேறு: கடிதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் உண்மையில் வந்து சேருவார்கள் என்று தெரியாது. டெக்சஸ் சட்டத்தைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொள்கிறது என்றால், மிச்சிகன் மாணவரின் மனசைக் கணிக்க முடியாமல் கட்டிக்கொள்கிறது.

அதற்கு மிச்சிகன் கண்டுபிடித்த மருந்து பழைய மருந்து. 2026 சேர்க்கையிலிருந்து அங்கே எர்லி டிசிஷனும் உண்டு. எர்லி ஆக்‌ஷனுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பெரிய வித்தியாசம்: எர்லி டிசிஷனில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். ஒரே ஓர் இடத்துக்குத்தான் அப்படிக் கையெழுத்துப் போடலாம். பதில் டிசம்பரிலேயே வந்துவிடும். ஆக, சீக்கிரம் பதில் வேண்டுமா, பேரம் பேசும் உரிமையைக் கொடு என்பதுதான் ஏற்பாடு.

இந்த விஷயத்தில் வர்ஜீனியா பல்கலையின் கதை சுவாரசியமானது. எர்லி டிசிஷனால் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் லாபம், உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய குடும்பங்கள் அந்தப் பக்கமே வர முடியாது என்ற வாதத்தில் வட கரோலினா அதை 2002இல் கைவிட்டது. 2006 செப்டம்பரில் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் முன்கூட்டிய சுற்றுகளை நிறுத்துவதாக அறிவித்த அதே மாதத்தில் வர்ஜீனியாவும் எர்லி டிசிஷனை நிறுத்துவதாக அறிவித்தது. பாராட்டு குவிந்தது. சில ஆண்டுகளில் கட்டுப்பாடில்லாத எர்லி ஆக்‌ஷன் வந்தது. 2019இல் எர்லி டிசிஷனே திரும்பி வந்துவிட்டது. நியாயம் பற்றிய வாதம் எதுவும் மாறவில்லை. விண்ணப்பங்கள் ஏறிக்கொண்டே போனபோது, நிச்சயமாக வருவார்கள் என்று தெரிந்த ஒரு கூட்டத்தைக் கையில் வைத்திருக்க நிர்வாகத்துக்கு ஆசை வந்தது. இப்போது அங்கே எர்லி டிசிஷனுக்கு டிசம்பர் நடுவில் பதில், எர்லி ஆக்‌ஷனுக்கு பிப்ரவரி 15. நவம்பர் 1இல் கொடுத்த விண்ணப்பத்துக்கு மூன்றரை மாதம்.

பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற வளாகங்களைக் கொண்ட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இந்தத் தலைவலியே இல்லை. முன்கூட்டிய சுற்றே கிடையாது. நவம்பர் இறுதிவாக்கில் கடைசி நாள், உள்ளூர் வெளியூர் எல்லாருக்கும் பெரும்பாலும் மார்ச்சில் பதில். வெளிமாநிலத்தவர் எண்ணிக்கையில் அங்கேயும் சண்டை நடந்தது. 2016இல் மாநிலத் தணிக்கையாளர், வெளியாரை எடுப்பதற்காகத் தரத்தைத் தளர்த்தினார்கள் என்று குற்றம் சாட்டினார். 2017இல் வரம்பு வந்தது. 2021இல் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றையும் 18 சதவீதத்துக்குக் கொண்டுவர, இழக்கும் கட்டணத்துக்கு மாநில அரசே ஈடு கொடுப்பதாக ஏற்பாடானது. ஆனால் சண்டை இடத்தைப் பற்றியது. தேதியைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் அங்கே தேதி ஒன்றுதான்.

விண்ணப்பிப்பவர் பக்கம்

ஆஸ்டின் நிகழ்வில் உண்மையான சேதாரம் எங்கே என்று பார்த்தால், ஒரு மாதத் தாமதத்தில் இல்லை. சேர்வதாகச் சொல்ல மே 1 வரை நேரம் இருக்கிறது, பிப்ரவரி 15 அதற்கு வெகு முன்னால். ஜனவரி 15 என்று சொன்னபடி வந்திருந்தாலும்கூட அது உதவியிருக்காது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். பெயர்பெற்ற தனியார் பல்கலைகள் பலவற்றின் ரெகுலர் கடைசி நாள் ஜனவரி 1இலிருந்து 5க்குள் முடிந்துவிடுகிறது. ஜனவரி நடுவிலோ கடைசியிலோ வரும் எர்லி ஆக்‌ஷன் பதில், மீதி விண்ணப்பங்களை எழுதும் வேலையையும் மிச்சப்படுத்தாது, கட்டணத்தையும் மிச்சப்படுத்தாது. டிசம்பர் நடுவில் பதில் தெரிந்தால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பிள்ளை தூங்கும். அந்த வசதி ஜார்ஜியா டெக்கில் ஜார்ஜியாப் பிள்ளைக்கு உண்டு, வெளியூர்ப் பிள்ளைக்கு இல்லை. அதனால் எர்லி ஆக்‌ஷனை நம்பிப் பட்டியலைச் சுருக்கியவர்கள்தான் அடிபட்டார்கள்.

அப்படியானால் வெளிமாநிலத்தவர் அக்டோபருக்கு ஓடவே வேண்டாமா என்று கேட்டால், ஓடத்தான் வேண்டும். முன்னால் அனுப்பாவிட்டால் முதல் தட்டில் எடுபடும் வாய்ப்பையே இழக்கிறீர்கள். பல இடங்களில் உதவித்தொகையும், தனிச் சலுகை கொண்ட ஹானர்ஸ் திட்டங்களும் முன்கூட்டிய தேதியோடு கட்டப்பட்டிருக்கின்றன. தேதியைத் தவறவிடுவது நஷ்டம். தேதிக்குள் அனுப்பினால் லாபம் என்று மட்டும் கணக்குப் போடக் கூடாது, அவ்வளவுதான். டிஃபர் வந்தால் அதை மறுப்பாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம், ‘கொஞ்சம் பொறு, கிடைக்கும்’ என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வகுப்பு எப்படி நிரம்புகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. அதை உங்கள் பிள்ளையின் தகுதியைப் பற்றிய தீர்ப்பாகப் படித்து வீட்டில் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. முதல் பருவ மதிப்பெண்களைக் கேட்டால் உடனே அனுப்புங்கள். கேட்காத சிபாரிசுக் கடிதங்களை அனுப்பிக் குவிக்காதீர்கள்.

எர்லி டிசிஷன் பக்கம் போவதற்கு முன் பணத்தைப் பாருங்கள். டெக்சஸில் வெளியார் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு, பிரிவைப் பொறுத்து ஏறும். மிச்சிகனும் அப்படியே. முன்பெல்லாம் பற்றாக்குறையைப் பெற்றோர் பெயரில் மத்திய அரசுக் கடன் வாங்கிச் சமாளித்தவர்கள் பலர், கல்லூரி சொல்லும் முழுச் செலவு வரை வாங்க முடிந்தது. 2025இல் வந்த சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் அந்தக் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் டாலர் என்று உச்சவரம்பு. ஆண்டுக்கு 80 ஆயிரம் செலவாகும் இடத்துக்கு நவம்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏப்ரலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய அடி. உதவித்தொகை போதவில்லை என்றால் எர்லி டிசிஷனிலிருந்து விலகலாம் என்பது உண்மைதான். ஆனால் விலகும் நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு கடிதம் கையில் இருக்காது.

இன்னொரு பக்கம் நம்மவர்களைப் பற்றியது. டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ, ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக் என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் டெக்சஸில் நிறைய. அங்கே போய்விட்டால் உள்மாநிலத்தவர் ஆகிவிடலாம், 90 சதவீதப் பக்கம் வந்துவிடலாம் என்று வேலை மாற்றத்தோடு சேர்த்து யோசிப்பவர்கள் உண்டு. கட்டண விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. மாநிலத்தில் 12 மாதம் நிலையாகக் குடியிருந்ததைப் பெற்றோர் நிரூபித்தால் பிள்ளைக்கு உள்ளூர்க் கட்டணம், ஹெச்-1பி, ஹெச்-4 விசாக்காரர்களும் இதற்குத் தகுதி பெறலாம். ஆனால் சேர்க்கையின் முக்கால் பங்கு பள்ளி ரேங்கைப் பொறுத்தது. ஒவ்வொரு பிள்ளையும் கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களில் பத்தை எடுக்கும் பள்ளியில், பதினோராம் வகுப்பில் புதிதாக வந்து சேரும் பிள்ளை முதல் 5 சதவீதத்துக்குள் நுழைவது சுலபமில்லை. அந்த வரம்புக்குக் கீழே இருந்தால், வகுப்பில் முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கும் மிக நல்ல மாணவருக்கும் அந்த இரண்டாயிரத்துச் சொச்ச இடங்கள்தான் களம். வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த ரேங்க் வரம்பு கிடையாது, ஆனால் அவருக்கான இடங்கள் அதைவிடக் குறைவு. இரண்டில் எது மேல் என்பதற்குப் பொதுவான விடை இல்லை, பள்ளியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இடம் மாறுவதென்றால் ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே மாறுவது நல்லது. அதற்குப் பிறகென்றால் புதிய பள்ளியின் கவுன்சலரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பழைய பள்ளியில் எடுத்த பாடங்களை ரேங்க் கணக்கில் எந்த எடையோடு சேர்ப்பீர்கள்? மாவட்டத்துக்கு மாவட்டம் இந்த விதி மாறும். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.